வரிசையில் கடைசிச் சோடி

காலை ஏழு மணி பத்து நிமிஷம். நான் முதலில் பார்த்தது என் மகளின் கீழுதட்டிலிருந்து தொங்கிய எச்சிலை. நூல் மாதிரி நீண்டு, அறாமல், அவளுடைய புது பூட்ஸின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

போடிமெட்டுக்குக் கீழே மலைச் சரிவில் என் மனைவியின் அண்ணனுக்கு ஏலத்தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்து வீட்டு வராந்தாவில், பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். வயது ஒன்றேகால். நடை வந்து சில வாரங்கள்தான். பல் முளைக்கிற குழந்தைக்கு எச்சில் வடிவது புதுமையில்லை. கையிலிருந்த காப்பியை இன்னொரு வாய் குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தடுக்கி விழவில்லை. முழங்கால் மடங்கி, பிடித்த பிடி நழுவி, அப்படியே இறங்கிவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. நெற்றியிலும் மேலுதட்டிலும் பொடிப்பொடியாக வேர்வை. வெளியே மூடுபனி. நாங்கள் எல்லாரும் கம்பளி போர்த்தியிருந்தோம்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து தூக்கினாள். குழந்தையின் தலை பின்னால் சாய்ந்தது. நான்காம் மாதத்திலேயே நிலைத்த கழுத்து அது.

நடந்ததைச் சொல்ல அந்த பூட்ஸ் வாங்கியதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. மதுரையில் ஒரு தினசரியில் எனக்கு வேலை. தீபாவளிக்கு மனைவியின் ஊரான போடிநாயக்கனூருக்குப் போயிருந்தோம். மலையில் ஏலம் பறிப்பு மும்முரமாக இருந்தது. மச்சானுக்கு வருஷத்தில் பாதி நாள் தோட்டத்தில்தான் வாசம். தங்கை மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மருமகளே என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

மலைக்குப் போவதென்றால் காலுக்கு ஏதாவது வேண்டும். அதுவரை அவள் வெறுங்காலோடுதான் நடந்தாள்.

நான் ஆபீசில் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தேன். நடை பழகும் குழந்தைக்கு முதலில் வாங்கும் பூட்ஸ் கையால் மடித்தால் மடங்க வேண்டும், அடிப்பாகம் மெல்லியதாக இருக்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் இருந்தால் போதும் என்று அதில் போட்டிருந்தது. அதன்படி குழந்தையை மடியில் வைத்து, பழைய பேப்பரில் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, குழந்தையை நிற்க வைத்து மறுபடி வரையச் சொன்னாள். உட்கார்ந்திருக்கும்போது சுருங்கியிருக்கிற பாதம் நின்றால் அகலும் என்றாள். வரைந்து பார்த்தேன். அரை விரல் வித்தியாசம் இருந்தது.

அவளுடைய விருப்பம் வேறு. முன்பக்கம் திறந்த, வார் வைத்த செருப்பு போதும் என்றாள். மச்சான் கேட்கவில்லை. கணுக்கால் மூடிய தோல் பூட்ஸ்தான், கயிறு வைத்து இறுக்கிக் கட்டுவதாக இருக்க வேண்டும் என்றார். காரணம் அட்டை. மழைக் காலத்தில் ஏலக்காட்டில் இலை தோறும் அட்டை இருக்கும். ஏறும்போது நூலளவு, ரத்தம் குடித்து விழும்போது நாவல்பழ அளவு. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கைக்குழந்தையின் மூக்கில் அட்டை ஏறி, எடுப்பதற்குள் எல்லாரும் பட்ட பாட்டை அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிந்தது. உண்மையாகவே பயந்திருந்தார்.

பஜாரில் பூட்ஸ் கடை வைத்திருந்தவர் ஒரு கிறிஸ்தவ வியாபாரி. மச்சானுக்குப் பழக்கம். தீபாவளிக் கூட்டத்திலும் எங்களுக்கு ஸ்டூல் போட்டு, சின்னக் காலுக்கு உள்ளதையெல்லாம் எடுத்துப் பரப்பினார். நான் வரைந்த காகிதத்தைக் கத்தரித்து, ஒவ்வொரு சோடியின் உள்ளேயும் வைத்துப் பார்த்தேன். நாலாம் நம்பர் சரியாக இருந்தது.

"மாப்ளே, உங்க பேப்பரு பேப்பருக்குத்தான் பொருந்தும்," என்றார் மச்சான். "இந்தக் கால் தை மாசம் வரைக்கும் இப்படியேவா இருக்கும்? அஞ்சாம் நம்பரு எடுங்க."

மனைவி ஒரு வார் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். "அண்ணே, வெரலு வெளிய தெரியணும். இல்லாட்டி எதை மிதிக்குதுன்னு அதுக்கே தெரியாது."

"வெரலு வெளிய தெரிஞ்சா அட்டைக்கும் தெரியுமே ஆத்தா."

கடைக்காரர் சிரித்தார். மச்சான் ஒரு பழுப்பு நிற பூட்ஸை எடுத்து, நுனியைக் கட்டை விரலால் அமுக்கி, முகர்ந்து, காதருகே வைத்துக் குலுக்கினார். காய்ந்த ஏலக்காயைக் கையில் வாங்கினால் அப்படித்தான் செய்வார்கள். உள்ளே விதை குலுங்குகிற சத்தத்தில் தரம் தெரிந்துவிடும். பூட்ஸில் என்ன கேட்டாரோ தெரியாது.

"குலுக்கிப் பாக்குறீகளே அண்ணே," என்றார் கடைக்காரர். "உள்ள விதை இருந்தா அது எனக்கு."

ஐந்தாம் நம்பர்தான் வாங்கினோம். நான் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம், அந்தத் தோல் கையால் மடித்தால் மடங்கியது. மனைவி விட்டுக்கொடுத்ததற்குக் காரணம், மூக்கில் அட்டை ஏறிய குழந்தை. பெரிதாக இருப்பதைச் சரிசெய்யும் வழி எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி நுனியில் திணிப்பது. வளர வளர துணியை எடுத்துவிட வேண்டியது.

கடையிலேயே போட்டுவிட்டோம். குழந்தை அசையாமல் நின்று கீழே பார்த்தது. பிறகு ஒரு காலைச் சேற்றில் நடக்கும் கோழி மாதிரி மேலே தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தது. மற்றக் காலை ஊன்றி, தூக்கிய காலை வைத்தது. வயிற்றை முன்னால் தள்ளி நாலடி நடந்து ஸ்டூலைப் பிடித்தது. "தாசில்தார் கெட்டார்," என்றார் கடைக்காரர். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரிக்க, அதுவும் சிரித்தது.

இரண்டு நாள் கழித்து மலைக்கு ஏறினோம். மச்சானின் ஏலக்காய் லோடு ஏற்றும் ஜீப்பு மெட்டு வரைக்கும் போகும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். மெட்டில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து வீட்டில் வேலை பார்க்கும் பெண் எங்களை அழைத்துப்போக ஏறி வந்திருந்தார். முப்பது வயது இருக்கலாம். தோட்டத்திலேயே கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தார். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையோடு கொங்காணியாகப் போட்டிருந்தார். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்து, அந்தச் சாக்குக்குள் மூடிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் இறங்கினார். குழந்தை அவரிடம் அழாமல் போனது. சாக்குக்கு வெளியே தெரிந்தது இரண்டு பூட்ஸ் மட்டுந்தான். வீடு வந்து சேர்வதற்குள் அவை தொப்பலாக நனைந்திருந்தன. இரவு அடுப்பங்கரையில் வைத்தும் முழுக்கக் காயவில்லை; படுக்கப் போகும்போது எடுத்து வராந்தாவில் வைத்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழந்தை எழுந்தது. எழுந்ததும் தரையில் இறங்கி நடக்க வேண்டும். தரை ஐஸ் மாதிரி இருந்தது. மனைவி அரிக்கேன் வெளிச்சத்தில் வராந்தாவுக்குப் போய், அங்கே வரிசையாக இருந்த செருப்புகளுக்கும் பூட்ஸ்களுக்கும் கடைசியில் இருந்த சின்னச் சோடியை எடுத்து வந்தாள். உள்ளே ஈரம் இருந்தது. கம்பளிக் காலுறை போட்டால் குளிராது என்று, காலுறைக்கு மேல் பூட்ஸைப் போட்டுக் கயிற்றைக் கட்டினாள். குழந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்தது. ஒரு தடவை வந்து என் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது.

அதன் பிறகுதான் ஏழு மணி பத்து நிமிஷம்.

தூக்கியதும் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த பால் அப்படியே வந்தது. மறுபடியும் எடுத்தாள்; வெறும் நுரை. கைகள் இரண்டும் விட்டு விட்டு வெட்டின. கண் திறந்திருந்தது. என் முகத்தை நேராக அதன் முன்னால் கொண்டுபோனேன். அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை.

மச்சான் ஓடி வந்து பார்த்துவிட்டு மாந்தம் என்றார். முந்தின நாள் குழந்தையைத் தூக்கி வந்த வேலைக்கார அம்மாள் வசம்பைச் சுட்டு உரைத்து எடுத்து வந்தார். நாக்கில் தடவினோம். அது நாக்கிலேயே இருந்தது, விழுங்கவில்லை. இந்த மலையில் டாக்டர் கிடையாது. போடிக்குத்தான் இறங்க வேண்டும். மச்சான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் ஏறத் தொடங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பாதி வழியில் மனைவி, பூட்ஸைக் கழற்றட்டுமா, மாட்டிக்கொண்டு ஆடுகிறதே என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் மச்சான். மூச்சு வாங்கியது. "காலு சில்லுனு கெடக்கு. கதகதப்பா இருக்கட்டும்."

நின்று, குழந்தையின் இரண்டு பூட்ஸ் கயிறுகளையும் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி ஏறினார். அவர் கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் கட்டினார்.

மெட்டில் ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கேரளத்துப் பக்கத்துக்காரர். "கொச்சுக்கு எந்தாச்சு?" என்று குழந்தையைக் காட்டி ஒரு தடவை கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் ஏற்றிய மூட்டைகளைத் தானே கீழே தள்ளினார். மழை விட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு இறங்க இறங்க, குழந்தையின் தலை என் மனைவியின் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. பிடித்துப் பிடித்து நேராக வைத்தாள். மூச்சு ஒரு சமயம் வேகமாக வந்தது, ஒரு சமயம் வருகிறதா என்றே தெரியவில்லை. நான் என் விரலை மூக்கடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஒரு வளைவில் மறுபடி வாந்தி. அது வழிந்து பூட்ஸுக்குள் போய்விட்டது. பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடம் அது. மனைவி ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். பூட்ஸைக் கழற்றினாள். காலுறையை உருவினாள். வெள்ளைக் கம்பளியில் பின்னிய காலுறை பாதம் முழுக்கப் பழுப்பாக இருந்தது. குழந்தையின் பாதமும் பழுப்பாக இருந்தது. விரலிடுக்கில் ஈரத் தூள் அப்பியிருந்தது. அவள் தன் விரலை முகர்ந்து பார்த்தாள்.

"புகையெலை வாடை அடிக்குதே அண்ணே."

"அது அட்டைக்குப் போட்டதும்மா," என்றார் மச்சான். சாம்பாரில் உப்பு இருக்கிறது என்பது போலத்தான் சொன்னார். எங்களில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததால் வாந்தியோடு சேர்த்துக் காலையும் கழுவினோம். பூட்ஸ் ஜீப்பின் தரையில் கிடந்தது.

போடியில் மச்சான் வீட்டுக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். குழந்தையை மேசையில் கிடத்தினோம். கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. என்ன சாப்பிட்டது, எதையாவது எடுத்து வாயில் போட்டதா என்று கேட்டார். பாலைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். அவர் மச்சானிடம் திரும்பி, தோட்டத்தில் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் அடிக்கிறீர்களா, மருந்து டின் ஏதாவது வீட்டில் கிடந்ததா என்று கேட்டார். அதெல்லாம் வைகாசியோடு முடிந்துவிட்டது, டின் எதுவும் வீட்டில் கிடையாது என்று மச்சான் சொன்னார்.

அப்போது மனைவி, "அண்ணே, காலு," என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். அவள் பூட்ஸுக்குள் இருந்த தூளைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் குழந்தையின் பாதத்தைத் தூக்கி மூக்கருகே வைத்திருந்தார். கம்பவுண்டரை வெந்நீரும் சோப்பும் கொண்டு வரச் சொன்னார். இரண்டு காலையும் முழங்கால் வரைக்கும் அவரே தேய்த்துக் கழுவினார். ஊசி போட்டார். பூட்ஸை எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னோம். கொஞ்சம் கழித்து அதையே மறுபடி கேட்டார். எப்போது போட்டீர்கள் என்பதையும் கேட்டார்.

டிரைவர் ஜீப்பிலிருந்து பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டு, நுனியில் திணித்திருந்த வேட்டித் துணியை வெளியே இழுத்தார். துணி கறுத்து ஊறியிருந்தது. அங்கங்கே சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் பிடித்துப் பிழிந்தார். டிகாஷன் மாதிரி இறங்கியது. தட்டின் அடி மறைந்தது.

"பெரியாளு காலு தோல் தடிச்சுக் கெடக்கும்," என்றார். "புள்ளைக்கு அப்படியில்ல. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுனா புகையெலை ஏன் வெரசா ஏறுது? அதே கதைதான் இங்க. இது ஈரத்துணி வேற. ரெண்டு மணி நேரத்துக்கு மேல உள்ள எறங்கிக்கிட்டே இருந்திருக்கு."

மச்சான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பாதையில் தான் நின்று கட்டிய கயிற்று முடிச்சு பூட்ஸில் பாதி அவிழ்ந்து தொங்கியது. அதைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். தெருவில், நிறுத்தியிருந்த ஜீப்பின் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிரைவர் நின்றிருந்தார்.

மத்தியானம் வரைக்கும் குழந்தை துவண்டே கிடந்தாள். டாக்டர் வந்து வந்து நாடி பார்த்தார். மனைவி மேசையின் பக்கத்தில் நின்றவள் உட்காரவேயில்லை. வெயில் ஜன்னலுக்கு வந்தபோது குழந்தையின் முகத்தில் சிறிது நிறம் வந்தது. வாய் கோணியது. சத்தம் இல்லாமல் ஒரு நொடி. பிறகு அழுதாள். காலையிலிருந்து அதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூட அழவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

டாக்டர் அழட்டும் என்றார். நன்றாக அழட்டும் என்றார். மனைவி மேசைக் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். மறுநாள் பால் குடித்தாள். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டோம். வெறுங்காலோடு நடந்து கம்பவுண்டரின் ஸ்டூல் வரைக்கும் போனாள். கம்பவுண்டர் அவளைத் தூக்கி மருந்து அலமாரியைக் காட்டினார். மச்சான் வாசலில் நின்று மருமகளே என்று கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளே வரவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு நான் மச்சானோடு தோட்டத்துக்கு மறுபடி போனேன். ஒரு வயதுக் குழந்தையின் பூட்ஸுக்குள் புகையிலைத் தூளை அள்ளிப் போட்டது யார், எப்போது, எதற்காக என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்களுக்கு ஆகாதவர்கள் யாராவது செய்திருப்பார்களோ என்றுகூட ஜீப்பில் ஏறும்போது நினைத்தேன்.

அங்கே மறைக்க ஒன்றுமில்லை. மழைக் காலத்தில் அந்த வீட்டில் தினம் நடக்கிற சோலி அது. விடிவதற்கு முன்னால் வேலைக்கார அம்மாள் வருவார். காய்ந்த புகையிலையைக் கசக்கி, சுண்ணாம்புத் தூள் கலந்து, ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பார். வராந்தாவில் வரிசையாக இருக்கிற செருப்பு, பூட்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே போவார். அதற்குப் பிறகுதான் அடுப்புப் பற்ற வைப்பார். நான் பார்த்தபோதும் டப்பா வராந்தாவில் அதன் இடத்திலேயே இருந்தது. அன்று காலையும் போட்டிருந்தார். மச்சானுடைய பழைய பூட்ஸுக்குள் தூள் தெரிந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டதை முதலில் அந்த அம்மாளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு அந்தத் தூளைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

"சின்னக் காலாச்சே, அட்டை ஏறுனா தாங்காதேன்னு கூட ரெண்டு சிட்டிகை போட்டேன்யா. வெரலுகிட்ட துணி இருந்துச்சு. அதுலயும் நல்லா அழுத்தி வச்சேன்."

மச்சான் குரல் உயரும் என்று எதிர்பார்த்தேன். உயரவில்லை. "நாந்தான் மாப்ளே சொல்லி வச்சது," என்றார் என்னிடம். "ஒரு சோடியும் விட்டுப்போகக் கூடாதுன்னு. விட்டா ஏசுவேன்."

அந்தப் பெண்ணுக்கு இன்னும் விளங்கவில்லை. புகையிலைதான் குழந்தைக்குக் கெடுதல் செய்தது, தோல் வழியாக உடம்புக்குள் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் என் முகத்தையும் மச்சான் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தினம் நாங்கள் எல்லாரும் தடவுகிறதுதானே என்றார். பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவருடைய பாதங்களில் அந்தத் தூள் காய்ந்து வெடித்திருந்தது. லைனில் சின்னப் பிள்ளைகளுக்கும் தேய்ப்பீர்களா என்று கேட்டேன்.

"தேய்ச்சுத்தான விடணும். கீழ எறக்கி விட்டா அட்டை கடிச்சிருமே."

நடை பழகும் குழந்தைகளுக்கு இனி ஒருவரும் தேய்க்கக் கூடாது, தேய்த்திருந்தால் உடனே கழுவிவிட வேண்டும் என்று லைன் முழுக்கச் சொல்லும்படி மச்சான் அவரிடம் சொன்னார். நான் குழந்தைக்கு வந்த அறிகுறிகளைச் சொல்லத் தொடங்கினேன். நான் சொல்லி முடிப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணே கேட்டார்.

"வாயில எச்சி நிக்காம ஒழுகுமாய்யா?"

ஒழுகும் என்றேன்.

"மேலு சில்லுனு இருக்கும். ஆனா வேத்துக் கொட்டும்."

"ஆமா."

"கண்ணு முழிச்சிருக்கும். கூப்புட்டாப் பாக்காது."

"ஆமா."

வராந்தா ஓரத்தில் அடுக்கியிருந்த விறகில் நாலைந்தை எடுத்தார்; உள்ளே போகவில்லை. விறகு அவர் கையிலேயே இருந்தது.

"அழுகுமாய்யா?"

"அழாது," என்றேன்.

அவர் விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. மச்சான் டப்பாவை எடுத்து, வராந்தாவின் ஓரத்துக்குப் போய், மழையில் கவிழ்த்தார். எங்களுக்குக் காப்பி வந்தது. அந்தப் பெண் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

மெட்டுக்கு ஏறுகிற வழியில் மச்சான் சொன்னார். முந்தின வருஷ மழையில் அந்தப் பெண்ணின் கடைசிக் குழந்தை இறந்துபோயிற்று. ஆண் குழந்தை. நடக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.